தரையைப் படம் பிடித்து அதே தரையில் ஒட்டினால்

1967-ல் விக்டர் பர்ஜின் என்கிற இங்கிலாந்துக் கலைஞர் ஒரு சிறிய அட்டையில் ஒரு குறிப்பை டைப் அடித்தார். அதன் சாரம் இதுதான்: தரையில் ஒரு பாதையை எடுத்துக்கொள்ளுங்கள், அகலம் 1 பங்கு, நீளம் 21 பங்கு. அதைப் படம் பிடியுங்கள். அந்தப் படங்களைத் தரையின் அசல் அளவுக்கே பிரிண்ட் போடுங்கள். எந்த இடத்தைப் படம் பிடித்தீர்களோ, அதே இடத்தின் மேல், இம்மி பிசகாமல், அந்தப் பிரிண்ட்களைப் பதியுங்கள். அவ்வளவுதான். படைப்பின் பெயர் ‘ஃபோட்டோபாத்’.

முதல்முறை கேள்விப்படுகிறவர்களுக்கு, “என்னய்யா இது, தரையை மறைக்கத் தரையின் படமா?” என்றுதான் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் படிக்க ஆரம்பித்தபோது, இதற்குள் ஒரு பெரிய நடைமுறைச் சிக்கல் ஒளிந்திருப்பது தெரிந்தது. ஒரு கலைப்படைப்பு ஒரே ஒரு இடத்துக்காக மட்டும் செய்யப்பட்டது, அது புகைப்படங்களால் ஆனது என்று வைத்துக்கொள்ளுங்கள். புகைப்படம் மங்கும், சுருளும், கிழியும். அப்போது என்ன செய்வது? பழையதையே பொத்திப் பொத்திப் பாதுகாப்பதா, புதுசா ஒரு பிரிண்ட் போட்டு மாட்டிவிடுவதா? மாட்டினால் அது அதே படைப்புதானா?

இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியைப் பற்றித்தான். கலை விமர்சனம் என் வேலை இல்லை. பகலில் மென்பொருள் எழுதுகிறவன் நான். ஆனால் எது அசல், எது பிரதி, எதை வைத்து எதை மறுபடி உருவாக்கலாம் என்பதெல்லாம் என் தொழிலில் தினமும் வருகிற தலைவலி. அந்தப் பார்வையில்தான் எழுதுகிறேன்.

எடுத்துப் போக முடியாத படைப்பு

‘ஃபோட்டோபாத்’ பரவலாக அறியப்பட்டது 1969-ல். சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் ஹரால்ட் ஸீமான் ஏற்பாடு செய்த ஒரு புகழ்பெற்ற கண்காட்சி அந்த வருஷம் லண்டனுக்கு வந்தது. அங்கே ஐ.சி.ஏ. என்னும் சமகாலக் கலை நிலையத்தின் மரத் தரையில் பர்ஜின் தன் பாதையைப் பதித்தார். எல்லாம் கருப்பு வெள்ளைப் பிரிண்ட்கள். ஸ்டேப்பிள் ஊசி போட்டுத் தரையில் அடிக்கப்பட்டவை. 1971-ல் நியூயார்க் குகன்ஹைம் அருங்காட்சியகத்தின் சர்வதேசக் கண்காட்சியிலும் அது இடம்பெற்றது. 2011 டிசம்பரில் சிகாகோ கலைக்கழகத்தில் தொடங்கிய, புகைப்படமும் கருத்தியல் கலையும் பற்றிய ஒரு கண்காட்சியில் மறுபடி வந்தது.

இங்கே கவனிக்க வேண்டியது: லண்டனில் இருந்த பிரிண்ட்களைச் சுருட்டிக்கொண்டு போய் நியூயார்க்கில் விரிக்க முடியாது. விரித்தால் அது லண்டன் தரையின் படம், நியூயார்க் தரையின் மேல். குறிப்பு அதைக் கேட்கவில்லை. ஒவ்வொரு ஊருக்கும் அந்த ஊர்த் தரையைப் புதிதாகப் படம் பிடிக்க வேண்டும். அதாவது, இந்தப் படைப்பு மூன்று ஊர்களில் காட்டப்பட்டது என்றால் மூன்று முறை புதிதாகச் செய்யப்பட்டது என்று அர்த்தம்.

இப்படி ஒரு குறிப்பிட்ட இடத்தோடு பிணைந்த படைப்பை இடம்சார் கலை என்று சொல்லலாம். இதற்கு எல்லோரும் சொல்லும் உதாரணம் ரிச்சர்ட் செர்ராவின் ‘டில்டட் ஆர்க்’. 1981-ல் நியூயார்க்கின் ஃபெடரல் பிளாஸாவில் நிறுவப்பட்ட மாபெரும் வளைந்த இரும்புச் சுவர். வழியை மறிக்கிறது என்று அங்கே வேலை செய்தவர்கள் எதிர்த்தார்கள். வேறு இடத்துக்கு மாற்றலாமே என்றதற்கு செர்ரா ஒப்புக்கொள்ளவில்லை. இடத்தை மாற்றுவதும் உடைப்பதும் ஒன்றுதான் என்பது அவர் வாதம். வழக்கெல்லாம் நடந்து, 1989 மார்ச்சில் அதைத் துண்டு போட்டு எடுத்துவிட்டார்கள்.

செர்ராவின் இரும்பு ஓர் இடத்தை விட்டு நகர்ந்தால் செத்துவிடும். பர்ஜினின் பாதையோ எந்தத் தரையிலும் மறுபடி பிறக்கும், ஆனால் ஒவ்வொரு முறையும் அந்தத் தரைக்கே உரியதாகப் பிறக்கும். இரண்டுமே இடம்சார் கலைதான். பாதுகாக்க வேண்டிய பொருள் மட்டும் வேறு வேறு.

நம் ஊரில் இதைப் புரியவைக்க ரொம்பக் கஷ்டப்பட வேண்டாம். வாசலில் போடும் கோலத்தை யாரும் பெயர்த்தெடுத்து அடுத்த தெரு வாசலில் வைப்பதில்லை. காலையில் போட்டது சாயங்காலத்துக்குள் மிதிபட்டுப் போகும், மறுநாள் மறுபடி போடுவார்கள். புள்ளிக் கணக்கும் இழுக்கிற முறையும் கைவிட்டுப் போகாத வரை கோலம் இருக்கிறது. அரிசி மாவைப் பாதுகாக்க வேண்டும் என்று யாரும் சொல்வதில்லை.

சோர்ஸ் எது, பில்டு எது?

மென்பொருள்காரர்கள் பாஷையில் சொன்னால், பர்ஜினின் அட்டைதான் சோர்ஸ் கோடு. தரையில் கிடக்கும் பிரிண்ட்கள் வெறும் பில்டு. பில்டு அழிந்தால் கவலை இல்லை, சோர்ஸ் இருக்கிறது, இன்னொருமுறை ஓட்டிக்கொள்ளலாம்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஒரு பில்டுக்கு சோர்ஸ் கோடு மட்டும் போதாது என்பது இந்தத் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். அதே கம்பைலர் வேண்டும், அதே லைப்ரரிகள் வேண்டும், உள்ளே போகும் தரவு வேண்டும். பத்து வருஷம் முந்தைய ஒரு புராஜெக்டை இன்று ஓட்டிப் பாருங்கள், தெரியும்.

‘ஃபோட்டோபாத்’துக்கு உள்ளே போகும் தரவு, தரை. அந்தத் தரை சும்மா இருப்பதில்லை. யோசித்துப் பாருங்கள். ஒரு கண்காட்சி சில வாரங்கள் நடக்கிறது. ஆட்கள் நடக்கிறார்கள். பிரிண்ட்களுக்கு அடியில் இருக்கும் பலகை வெளிச்சம் படாமல், செருப்பு படாமல் அப்படியே இருக்கும். சுற்றியுள்ள பலகைகள் தேயும், கீறல் விழும், துடைப்பத்தில் பளபளப்பு மாறும். மேலே இருக்கும் பிரிண்ட் தனி வழியில் அழுக்காகும். முதல் நாள் அச்சு அசலாகப் பொருந்திய படமும் தரையும் நாளாக ஆகப் பிரிந்து போகும். படம் காட்டுவது, படம் பிடித்த அன்றைக்கு இருந்த தரையை. எனவே ஒரு பிரிண்ட் கிழிந்து, அதே நெகட்டிவிலிருந்து இன்னொரு பிரிண்ட் போட்டு ஒட்டினால்கூட, குறிப்பு கேட்கும் பொருத்தம் முழுசாகத் திரும்பாது. அந்தத் துண்டுத் தரையை மறுபடி படம் பிடித்தால்தான் திரும்பும்.

இதிலிருந்து எனக்குக் கிடைத்த முதல் பாடம் இதுதான். ஒரு படத்தை மாற்றலாமா கூடாதா என்று பொதுவாகக் கேட்பதில் பிரயோஜனம் இல்லை. எதிலிருந்து எடுத்து மாற்றப் போகிறோம் என்று கேட்க வேண்டும். பர்ஜினுக்குப் பதில்: தரையிலிருந்து. வேறு படைப்புகளுக்குப் பதில் வேறாக இருக்கிறது.

24 இடங்களில் ஒரு படுக்கை

ஃபெலிக்ஸ் கொன்சாலஸ்-டோரஸ் 1957-ல் கியூபாவில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த கலைஞர். அவருடைய துணைவர் ராஸ் லேகாக் 1991-ல் எய்ட்ஸ் நோயால் இறந்தார். அதே வருஷம் கொன்சாலஸ்-டோரஸ் ஒரு படைப்பைச் செய்தார். தலைப்பே ‘தலைப்பிடாதது’. ஒரு கருப்பு வெள்ளைப் புகைப்படம். கலைந்த இரட்டைக் கட்டில், வெள்ளை விரிப்பு, பக்கத்தில் பக்கத்தில் இரண்டு தலையணை, இரண்டிலும் தலை வைத்த குழி. ஆள் இல்லை. எழுத்தும் இல்லை.

1992-ல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் இந்தப் படத்தை நகரமெங்கும் 24 விளம்பரப் பலகைகளில் ஒட்டியது. ராஸ் இறந்த தேதி 24 என்பதால் அந்த எண் என்று சொல்வார்கள். சிகரெட், கார் விளம்பரங்கள் இருக்க வேண்டிய இடத்தில் திடீரென்று ஒரு காலிப் படுக்கை. எய்ட்ஸ் என்றாலே ஒதுங்கிப்போன காலம் அது. வீட்டுக்குள் அழ வேண்டிய ஒன்றைத் தெருவில், எந்த விளக்கமும் இல்லாமல், எல்லோர் கண்ணிலும் பட வைத்தார்.

விளம்பரப் பலகைக் காகிதம் எத்தனை நாள் தாங்கும்? நம் ஊர் ஃபிளெக்ஸ் பேனர்போலத்தான். மழை, வெயில், அடுத்த வாரம் மேலே இன்னொரு விளம்பரம். அந்தக் காகிதங்களை யாரும் கிழித்தெடுத்துக் குளிர்பதன அறையில் வைக்க நினைக்கவில்லை. படைப்பை வைத்திருப்பவரிடம் இருப்பது படமும், அதற்கான உரிமையும், அது எப்படி இருக்க வேண்டும் என்பதைச் சொல்லும் சான்றிதழும்தான். காட்ட வேண்டிய போதெல்லாம் புதிதாக அச்சடித்துப் புது இடங்களில் ஒட்டுகிறார்கள். கலைஞர் 1996 ஜனவரியில் இறந்துவிட்டார். படுக்கை இன்னும் பல ஊர்த் தெருக்களில் தோன்றி மறைகிறது.

பர்ஜினோடு ஒப்பிட்டால் இங்கே ஒரு வித்தியாசம். பர்ஜினுக்குப் படமே ஒவ்வொரு முறையும் புதிது. கொன்சாலஸ்-டோரஸுக்குப் படம் ஒன்றேதான், அதை மாற்ற முடியாது. இன்றைக்கு யாராவது வேறொரு கட்டிலைக் கலைத்துப் போட்டுப் படம் பிடித்தால் அது செல்லாது. அந்தக் குழி அந்த இரண்டு தலைகளின் குழி. ராஸ் இல்லை, ஃபெலிக்ஸும் இல்லை, அந்தப் படுக்கையை மறுபடி போட முடியாது. காகிதம் எவ்வளவு வேண்டுமானாலும் மாறலாம், பிம்பம் மாறக் கூடாது. எனவே இங்கே பாதுகாக்க வேண்டியது அந்த நெகட்டிவையும், அதிலிருந்து கிடைத்த முதல்தரப் பிரதியையும்.

நெகட்டிவ் இருக்கிறது, காகிதம் எங்கே?

சரி, நெகட்டிவ் பத்திரமாக இருந்தால் கவலை தீர்ந்ததா? இங்கேதான் வேதியியல் குறுக்கே வருகிறது.

உங்கள் வீட்டு ஆல்பத்தை எடுத்துப் பாருங்கள். தாத்தா பாட்டியின் கருப்பு வெள்ளைப் படம் ஓரத்தில் லேசாகப் பழுத்திருக்கும், ஆனால் முகம் தெளிவாக இருக்கும். 1980 வாக்கில் எடுத்த கலர்க் கல்யாணப் படங்களோ செவசெவ என்று ஆகியிருக்கும். எங்கள் வீட்டிலும் அதே கதைதான். காரணம் எளிது. கருப்பு வெள்ளைப் படத்தில் பிம்பத்தை உருவாக்குவது நுண்ணிய வெள்ளித் துகள்கள், ஜெலட்டின் படலத்துக்குள் பதிந்தவை. சரியாகக் கழுவாமல் ரசாயனம் மிச்சமிருந்தாலோ, ஈரமும் கந்தகக் காற்றும் பட்டாலோ கெடும். ஒழுங்காகச் செய்து ஒழுங்காக வைத்தால் நூறு வருஷம் தாண்டும். கலர்ப் படத்தில் கடைசியில் வெள்ளியே இருக்காது. நீலப்பச்சை, மெஜந்தா, மஞ்சள் என்று மூன்று சாயங்கள்தான். மூன்றும் ஒரே வேகத்தில் மங்குவதில்லை. அந்தக் காலக் காகிதங்கள் பலவற்றில் நீலப்பச்சைச் சாயம் இருட்டிலேயே, ஆல்பத்துக்குள் மூடி வைத்திருந்தாலும், சிதைந்தது. மிஞ்சிய மெஜந்தாவும் மஞ்சளும் சேர்ந்துதான் அந்தச் சிவப்பு.

அச்சிட்ட போஸ்டரில் கதை தலைகீழ். வெயில் படும் சலூன் சுவரில் வருஷக்கணக்காகத் தொங்கும் நடிகர் படம் நீலமாகிப் போயிருக்கும், பார்த்திருப்பீர்கள். அச்சு மையில் மஞ்சளும் மெஜந்தாவும் வெளிச்சத்தில் முதலில் போய்விடும், நீலமும் கருப்பும் தாக்குப்பிடிக்கும். ஆக, ஒரு படம் எந்த நிறத்துக்கு மாறியிருக்கிறது என்பதை வைத்தே அது எப்படிச் செய்யப்பட்டது, இருட்டில் இருந்ததா வெளிச்சத்தில் இருந்ததா என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

குளிர்ச்சி இந்தச் சிதைவை மெதுவாக்கும். பெரிய அருங்காட்சியகங்கள் கலர்ப் படங்களையும் நெகட்டிவ்களையும் குளிரறையில் வைப்பது அதனால்தான். ஆனால் இடம்சார் படைப்பைக் குளிரறையில் வைக்க முடியாதே! அது அந்தச் சுவரில், அந்த ஜன்னல் வெளிச்சத்தில் இருந்தால்தான் படைப்பு. காட்டினால் அழியும், ஒளித்து வைத்தால் படைப்பே இல்லை. இந்த இடியாப்பச் சிக்கலில்தான் மாற்றுப் பிரிண்ட் என்ற யோசனை வருகிறது.

மாற்றுப் பிரிண்ட் போடப் போனால் அடுத்த இடி. கோடாக் 2005-ல் கருப்பு வெள்ளைப் புகைப்படக் காகிதம் தயாரிப்பதை நிறுத்த முடிவு செய்தது. அதே வருஷம் ஆக்ஃபாஃபோட்டோ திவாலானது. 2008-ல் போலராய்டு தன் உடனடிப் பட ஃபிலிமை நிறுத்துவதாக அறிவித்தது. 2009-ல் கோடாக்குரோம் நின்றது. ஸ்லைடிலிருந்து நேராகப் பிரிண்ட் போடும், நிறம் நீடிக்கும் என்று பெயர் வாங்கிய சிபாக்குரோம் காகிதத்தின் கடைசித் தயாரிப்பு 2011-ஐ ஒட்டி முடிந்தது. நெகட்டிவ் கையில் இருக்கும், அது எந்தக் காகிதத்துக்காக எடுக்கப்பட்டதோ அந்தக் காகிதம் உலகத்தில் இருக்காது. கம்பைலரே கிடைக்காத கோடு மாதிரி.

அப்போது நெகட்டிவை ஸ்கேன் செய்து, இங்க்ஜெட்டில் அச்சிடுவார்கள். பளபளப்பு மாறும், கருப்பின் ஆழம் மாறும், ஓரம் மாறும். சிலருக்கு இது உறுத்தாது. சிலருக்கு இது வேறு படைப்பு. யார் முடிவு செய்வது? நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகம் 2008-ல் இதற்கென்றே ஒரு குழுவை அமைத்தது. பழுதுபார்ப்பவர்கள், கண்காட்சியாளர்கள், சட்டம் தெரிந்தவர்கள் என்று பலதரப்பும் உட்கார்ந்து, இந்தப் படைப்பை, அல்லது இதன் இந்தப் பகுதியை, மறுபடி செய்யலாமா என்று ஒவ்வொன்றாகப் பேசி முடிவெடுக்கிறார்கள். பொது விதி கிடையாது.

இதில் ஒரு சங்கடமான நடைமுறையும் உண்டு. புதுப் பிரிண்ட் வந்ததும் பழையதை அழித்துவிட வேண்டும் என்று கலைஞரோ விற்பனைக்கூடமோ கேட்பது அடிக்கடி நடக்கிறது. இல்லாவிட்டால் ஒரே எண்ணிட்ட படம் சந்தையில் இரண்டாகிவிடும். வியாபாரக் கணக்கில் நியாயம்தான். ஆனால் வரலாற்றுக் கணக்கில் யோசித்தால் வயிற்றைப் பிசைகிறது. அந்த மங்கிய பிரிண்ட்டில்தான் அந்தக் காலக் காகிதம் இருக்கிறது, கலைஞர் அன்றைக்குச் சரி என்று ஒப்புக்கொண்ட அடர்த்தி இருக்கிறது. நிறம் போனாலும் சாட்சி போகவில்லை. என்னைக் கேட்டால், சுவரிலிருந்து இறக்கலாம், விற்க முடியாதபடி முத்திரை குத்தலாம், கிழிக்க மட்டும் கூடாது. மென்பொருளில் பழைய வெர்ஷனை யாரும் அழிப்பதில்லை, குறிப்பெழுதி ஓரமாக வைப்பார்கள்.

முகங்களின் சுவர்

இதுவரை பார்த்தது ஒரு தரை, ஒரு படுக்கை. படத்தில் இருப்பது ஒரு முகம் என்றால்? அதுவும் அந்த மனிதர் திரும்பி வரவே இல்லை என்றால்?

இலங்கையில், கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயத்துக்குப் பக்கத்தில் சீதுவை என்ற ஊர். அங்கே ரத்தொலுவைச் சந்தியில் காணாமல் ஆக்கப்பட்டோருக்கான ஒரு நினைவுச்சின்னம் இருக்கிறது. வடிவமைத்தவர் சிங்களக் கலைஞர் சந்திரகுப்த தேனுவர. 2000-ல் திறக்கப்பட்டது. 1980-களின் இறுதியில் தெற்கில் நடந்த ஜே.வி.பி. கிளர்ச்சியும் அதை அரசு ஒடுக்கிய விதமும் ஆயிரக்கணக்கான இளைஞர்களை விழுங்கின. 1989 அக்டோபர் 27 அன்று தொழிலாளர் உரிமைக்காக நின்ற இருவர் கொல்லப்பட்டார்கள். அந்த நினைவோடு இந்தச் சந்தி பிணைந்திருக்கிறது. அதனால்தான் ஒவ்வொரு வருஷமும் அக்டோபர் 27 அன்று குடும்பங்கள் அங்கே கூடுகின்றன. சின்னத்தின் உயிர், சுவரில் இருக்கும் காணாமல் போனவர்களின் புகைப்படங்கள். வருகிறவர்கள் நேராகத் தங்கள் வீட்டுப் பிள்ளையின் படத்துக்குத்தான் போவார்கள், பூ வைப்பார்கள், விளக்கேற்றுவார்கள்.

வடக்கில் 2017 பிப்ரவரியிலிருந்து கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தெருவோரப் பந்தலில் உட்கார்ந்த தமிழ்த் தாய்மாரை நாம் செய்திகளில் பார்த்திருக்கிறோம். அவர்கள் கையிலும் பந்தல் தட்டியிலும் இருந்ததும் படங்கள்தான். அது கலைப்படைப்பு என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் படத்தின் வேலை ஒன்றேதான்: இந்த ஆள் இருந்தான் என்று சொல்வது.

இந்தப் படங்கள் எங்கிருந்து வருகின்றன? பெரும்பாலும் அடையாள அட்டைக்கு எடுத்த பாஸ்போர்ட் சைஸ் படம், இல்லாவிட்டால் யாரோ ஒருவர் கல்யாணத்தில் எடுத்த குழுப் படத்திலிருந்து வெட்டிய முகம். நெகட்டிவ் ஸ்டுடியோவோடு போயிருக்கும். பல வீடுகளில் அந்த ஒற்றைக் காகிதம்தான் மூலம். அதற்கு முன்னால் ஒரு மூலமும் கிடையாது. தரையை மறுபடி படம் பிடிக்கலாம் என்ற பர்ஜினின் வசதி இங்கே இல்லை. நெகட்டிவிலிருந்து மறுபடி அச்சிடலாம் என்ற வசதியும் இல்லை.

கடலோர ஈரக் காற்றில், வெயிலில், திறந்த சுவரில் ஒரு சாதாரணப் பிரிண்ட் வைத்தால் சில வருஷங்களில் முகம் கரைந்துவிடும். லேமினேஷன் செய்தால் உள்ளே ஈரம் புகுந்து பூஞ்சை பிடிக்கும். இதற்குப் பழைய, நம்பகமான ஒரு வழி உண்டு. படத்தைப் பீங்கானில் சுட்டெடுப்பது. 1854-லேயே பிரான்சில் புலோ, காத்தன் என்ற இருவர் இதற்குக் காப்புரிமை வாங்கினார்கள். சாயத்துக்குப் பதில் உலோக ஆக்ஸைடு நிறமிகள், பல நூறு டிகிரிச் சூட்டில் கண்ணாடிப் பூச்சோடு உருகிச் சேர்ந்துவிடும். வெயில் அதை ஒன்றும் செய்யாது. நம் ஊர்க் கிறிஸ்தவக் கல்லறைகளில் முட்டை வடிவத்தில் பதித்திருக்கும் படங்கள் இந்த வகைதான். கல் எறிந்தால் உடையும், ஆனால் மங்காது.

புதுக் கண் முளைக்கும் ஆபத்து

ஆனால் பீங்கானில் சுட வேண்டுமானால் முதலில் நல்ல பிரதி வேண்டும். இங்கேதான் என் துறை உள்ளே வருகிறது, அதுவும் கொஞ்சம் பயமுறுத்துகிற மாதிரி.

மங்கிய, தபால்தலை அளவுப் படத்தை இன்றைக்கு ஒரு செல்போன் செயலியில் போட்டால் நொடியில் பளிச்சென்று ஒரு முகம் வரும். கண் இமை, தோல், பல் வரிசை எல்லாம் துல்லியமாக இருக்கும். அந்தத் துல்லியம் எங்கிருந்து வந்தது? மூலப் படத்தில் அது இல்லை. லட்சக்கணக்கான மற்ற முகங்களைப் பார்த்துப் பழகிய ஒரு மாடல், ‘இப்படிப்பட்ட புள்ளிகள் இருந்தால் கண் இப்படித்தான் இருக்கும்’ என்று ஊகித்து வரைந்தது. வந்திருப்பது இவரைப் போன்ற ஒருவர். இவர் இல்லை.

தரையிலோ படுக்கை விரிப்பிலோ ஒரு மடிப்பு கூடினால் அழகியல் பிரச்சினை. காணாமல் போனவரின் முகத்தில் வேறொருவர் கண்ணை வைப்பது அப்படி இல்லை. அவர் இருந்தார் என்பதற்கு மிஞ்சியிருக்கும் கடைசிச் சான்றையே மாற்றி எழுதுவது. ஒரு தாய் அதைப் பார்த்து, “என் பிள்ளைதான், ஆனா ஏதோ மாதிரி இருக்கான்” என்று சொல்லக்கூடும். இன்னும் மோசம், கொஞ்ச நாளில் அந்தப் புது முகமே அவளுக்கும் பழகிவிடக்கூடும். பேரப்பிள்ளைகளுக்கு அது மட்டும்தான் தெரியும்.

எனவே முகங்களின் சுவரில் படம் மாற்றுகிறவர்களுக்கு என்று நான் குறித்து வைத்திருக்கும் சில விதிகள். மேலே பார்த்த மூன்று படைப்புகளிலிருந்து தேறியவைதான் இவை, பெரிய கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை.

வீட்டிலிருந்து வாங்கிய காகிதப் படத்தை நல்ல ஸ்கேனரில் அதிகபட்சத் தெளிவில் ஸ்கேன் செய்து, அன்றே குடும்பத்திடம் திருப்பிக் கொடுக்க வேண்டும். அந்த முதல் கோப்பைத் தொடவே கூடாது. கீறல் துடைப்பது, வெளிச்சம் கூட்டுவது எல்லாம் நகலில். பின்புறத்தையும் ஸ்கேன் செய்ய வேண்டும். ஸ்டுடியோ முத்திரை, தேதி, யாரோ பேனாவில் எழுதிய பெயர் எல்லாம் அங்கேதான் இருக்கும். தெரியாத இடத்தைத் தெரியாததாகவே விட வேண்டும். மங்கலான முகம் மங்கலாகவே சுவரில் இருக்கட்டும், அந்த மங்கலும் அந்தக் குடும்பத்தின் வரலாறு. கோப்பை மூன்று இடங்களில், ஒன்று ஊருக்கு வெளியே, வைக்க வேண்டும். புதிய ஓட்டைப் பதிக்கும்போது எந்தத் தேதியில், எந்தக் கோப்பிலிருந்து, யார் செய்தது என்று பின்புறம் எழுத வேண்டும். இறக்கிய பழைய படத்தைக் குப்பையில் போடாமல், குடும்பத்தைக் கேட்டு, கொடுக்கவோ பாதுகாக்கவோ வேண்டும். கடைசியாக, மாற்றும் நாளில் அந்தக் குடும்பம் அங்கே இருக்க வேண்டும். விட்னியில் ஒரு குழு உட்கார்ந்து முடிவெடுக்கிறது. இந்தச் சுவருக்கு அந்தக் குழு அம்மா, அக்கா, தம்பிதான்.

பர்ஜினின் அட்டை இன்னொரு விஷயத்தையும் சொல்லித் தருகிறது. அவர் என்ன செய்ய வேண்டும் என்பதை யாருக்கும் புரிகிற மாதிரி எழுதி வைத்தார். அதனால்தான் அரை நூற்றாண்டு கழித்தும் ‘ஃபோட்டோபாத்’தைச் சண்டை இல்லாமல் மறுபடி செய்ய முடிகிறது. நினைவுச் சுவர்களைக் கட்டுகிறவர்கள், படங்களைச் சேர்க்கிறவர்கள் பெரும்பாலும் இப்படி ஒரு தாளை எழுதி வைப்பதில்லை. அவசரம், துக்கம், காசுத் தட்டுப்பாடு, எல்லாம் புரிகிறது. ஆனால் எழுதாமல் விட்டால், இருபது வருஷம் கழித்து யாரோ ஒரு ஒப்பந்தக்காரர் நல்லெண்ணத்தோடு வந்து, எல்லா முகத்தையும் பளிச்சென்று ஆக்கிவிட்டுப் போவார்.

உங்கள் வீட்டில் பழைய நெகட்டிவ் ஸ்ட்ரிப்கள் இருந்தால் தயவுசெய்து தூக்கிப் போடாதீர்கள். பிளாஸ்டிக் கவரிலிருந்து எடுத்து, நல்ல காகித உறையில், ஈரம் படாத அலமாரியில் வையுங்கள். யார், எங்கே, எந்த வருஷம் என்று உறையின் மேல் பென்சிலால் எழுதுங்கள். இப்போது அந்த முகங்களைத் தெரிந்தவர்கள் வீட்டில் இருக்கும்போதே கேட்டு எழுதிவிடுங்கள்.